விமானத்தில் நான் ஒட்டிய சிவப்புச் சீட்டு

1

போன வாரம் ஒரு விமான நிறுவனத்திடமிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. "அன்புள்ள முத்துச்செல்வன், நீங்கள் எங்களுடன் பறந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. உங்களை மீண்டும் வரவேற்க ஆவலுடன் காத்திருக்கிறோம்." படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். என்னை மீண்டும் வரவேற்க அவர்களுக்கு ஆவல் இருக்க நியாயமே இல்லை. இந்தக் கடிதத்தை அனுப்பிய பிரிவுக்கும், என்னைப் பற்றி மூன்று பக்கம் எழுதிக் கோப்பில் போட்டிருக்கும் பிரிவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது போலிருக்கிறது. பெரிய நிறுவனம் என்றால் அப்படித்தான்.

எந்த நாட்டு விமானம் என்று சொல்ல மாட்டேன். ஒரு நாட்டின் பெயரையே தன் உடம்பில் எழுதிக்கொண்டு பறக்கும் பெரிய நிறுவனம். ஏறியதும் சூடான கைத்துண்டு, உட்கார்ந்ததும் பழச்சாறு, படுத்ததும் போர்வை. கோபம் வந்தால்கூடச் சிரித்துக்கொண்டே கோபப்படுகிறவர்கள். அவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நடந்தது முழுக்க என் கைவேலை. அதைத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு சிற்றூரில் பதின்மூன்று வருடமாக இருக்கிறேன். பம்ப் செய்யும் தொழிற்சாலையில் தர ஆய்வாளர் வேலை. குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன் என்று என் மனைவி கலை எல்லோரிடமும் சொல்லுவாள். அதற்கு முன்னால் ஆறு வருடம் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் இதே வேலை. 

ஓசூரில் "சொந்த ஊர் எது?" என்று கேட்டால் எங்கள் காலனியில் ஒருவர்கூட ஓசூர் என்று சொன்னதில்லை. அருப்புக்கோட்டை, அரியலூர், துறையூர் என்று எங்கெங்கோ இருந்து வந்தவர்கள். நாங்கள் அருப்புக்கோட்டை. பால்காரரிடம் கன்னடம், வீட்டுக்காரரிடம் தெலுங்கு, வீட்டுக்குள் தமிழ், கம்பெனியில் எல்லாம் கலந்த ஒரு பாஷை. இத்தனை மொழியைச் சமாளித்தவனுக்கு ஜெர்மன் என்ன பிரமாதம் என்று நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். பதின்மூன்று வருடம் கழித்தும் எட்டு வயது மகள் இனியா என் ஜெர்மனைக் கடை வாசலிலேயே நிறுத்தித் திருத்துகிறாள். ரொட்டி விற்கிற பெண்மணி அவளுக்கு ஒரு பிஸ்கட்டும் எனக்கு ஒரு பரிதாபப் பார்வையும் கொடுப்பாள்.

2

அம்மா பெயர் பாண்டியம்மாள். சிப்காட்டில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற கம்பெனியில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தாள். செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி அவளுடைய வலது கட்டைவிரல் கொஞ்சம் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. நான் ஒரே பிள்ளை. 

போன வருடம் அவளுக்கு ஓய்வு. அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெறுகிறவரின் குடும்பத்தை அன்று ஒருநாள் மட்டும் ஷாப் ஃப்ளோருக்குள் விடுவார்கள். அவர் உட்கார்ந்து வேலை செய்த இடத்தைப் பிள்ளைகள் பார்க்கலாம், உட்கார்ந்தும் பார்க்கலாம். அப்புறம் மாலை, இனிப்பு, கையில் மைக். ஷிப்ட் முடியும் மூன்றரை மணிக்கு எல்லோருமாகக் கேட் வரைக்கும் நடந்து வருவார்கள். தொழிலாளிகள் தினமும் நுழைகிற சின்னக் கதவு அன்று கிடையாது. லாரிகள் போகிற பெரிய கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்து, குடும்பத்தோடு வெளியே அனுப்புவார்கள். வாசலில் கம்பெனி கார் நிற்கும்.

"சொர்ணத்துக்கு மூணு புள்ளைங்க, மருமக, பேரன்னு பத்துப் பேரு வந்தாங்கடா. கேட்டே பத்தல" என்று போனில் சொன்னாள் அம்மா. சொர்ணம் அவளுக்கு முந்தின மாதம் ஓய்வு பெற்ற தோழி. "நீ ஒருத்தன் வந்தாப் போதும். ஆனா வந்துரணும்." 

"வராம எங்கம்மா போவேன்?"

"ஒரு நாள் முன்னாடியே வா."

அங்கேதான் நான் புத்திசாலித்தனம் பண்ணினேன். எங்கள் தொழிற்சாலையில் அந்த வாரம் தணிக்கை. முடிகிற அன்றே கிளம்பினால் அம்மாவின் கடைசி நாள் காலை பத்தரைக்குப் பெங்களூரில் இறங்கலாம். ஒரு மணிக்கெல்லாம் ஓசூர். "மலிவு விமானத்துல வரலம்மா. பெரிய கம்பெனி. அஞ்சு நிமிஷம் பிசகாது" என்றேன். "சரி" என்றாள். அம்மாவின் சரியில் பல ரகம் உண்டு. இது நம்பாத ரகம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஊரை விட்டு வந்த எல்லோருக்கும் ஏதோ ஒன்று தொண்டையில் மாட்டிக்கொண்டிருக்கும். எனக்கு அது அம்மாதான். விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்ற உறுத்தல். ஞாயிற்றுக்கிழமை காலையில் தவறாமல் போன் செய்வேன். ஒரு ஞாயிறு தவறினால் திங்கட்கிழமை என் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்காது. இந்த ஒரு நாளாவது அவள் பக்கத்தில் நடந்து அந்தக் கேட்டைத் தாண்டிவிட்டால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தேன்.

3

கலையும் இனியாவும் வருவதாகத்தான் இருந்தது. இங்கே பள்ளி நாளில் பிள்ளையை அழைத்துக்கொண்டு போவது லேசுப்பட்ட காரியமில்லை. அனுமதி கேட்டு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். காரணம் என்ற இடத்தில் "பாட்டியின் பணி ஓய்வு விழா" என்று எழுதினேன். பள்ளியிலிருந்து மரியாதையாக ஒரு பதில் வந்தது. நெருங்கிய உறவினர் திருமணம் என்றால் விடுப்பு உண்டு, மரணம் என்றால் உண்டு, பணி ஓய்வு பட்டியலில் இல்லை. 

இனியா யோசித்துவிட்டு, "அப்பத்தா இன்னொரு கல்யாணம் பண்ணிக்கலாமே" என்றாள். அவள் சொன்னதில் கிண்டல் இல்லை. விதிமுறைக்கு உட்பட்டு வழி தேடுகிறாள். முழு ஜெர்மன்காரி ஆகிவிட்டாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அம்மாவிடம் போனில் சொன்னபோது அவள் இருமுகிற வரைக்கும் சிரித்தாள். அப்புறம் "அத அவ தமிழ்ல எப்படிச் சொன்னா?" என்று கேட்டாள். ஜெர்மனில்தான் சொன்னாள் என்று நான் சொல்லவில்லை.

ஆக நான் மட்டும் கிளம்பினேன். தணிக்கை முடிந்த கையோடு, அதே கோட்டோடு, நேராக விமான நிலையம்.

4

நடுவில் அவர்கள் நாட்டில் இறங்கி விமானம் மாற வேண்டும். பெங்களூர் விமானத்தில் காலை வெயில் ஜன்னல் வழியாக விழுந்துகொண்டிருந்தபோது ஏறினேன். 34சி, நடைபாதை ஓரம். பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், ஏற்கெனவே செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பெயர் பசவராஜ், ஓசூரை அடுத்த தளிக்காரர், ரோஜா ஏற்றுமதி. வியாபாரிகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார். நான் ஓசூர் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டில் கன்னடம். என்னோடு பேசியது தமிழ்தான், நடுநடுவே கன்னடமும் எட்டிப் பார்க்கும்.

"என் பூவு நெறைய தடவ போயிருக்கு சார் ஏரோப்ளேன்ல. எனக்கு இது மூணாவது தடவதான். பூவுக்குக் குளுகுளுன்னு ரூம் குடுக்கறாங்க. நமக்குக் காலு நீட்ட எடம் இல்ல."

கைத்துண்டு வந்தது, பழச்சாறு வந்தது. பழச்சாறு வைக்கலாம் என்று முன் இருக்கையின் பின்னால் மடித்திருந்த உணவுத் தட்டைத் தொட்டேன். தொட்ட மாத்திரத்தில் அது பொத்தென்று முழங்கால் மேல் விழுந்தது. தூக்கி நிறுத்திக் கொக்கியைத் திருப்பினேன். விழுந்தது. மூன்றாவது முறையும் விழுந்தது. மூன்று முறை சோதித்தால்தான் அதைக் குறை என்று எழுதலாம் என்பது எங்கள் தொழில் முறை. கொக்கி தேய்ந்திருந்தது.

இப்போது என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து சொல்லிச் சொல்லி ஏற்றியது இது: குறை கண்ணில் பட்டால், சிவப்புச் சீட்டு போடாமல் கால் நகரக் கூடாது. சீட்டு விழுந்த சாமானை அது தீர்க்கப்படும்வரை யாரும் தொடக் கூடாது. ஓசூரில் அது நூல் கோத்த அட்டை. ஜெர்மனியில் ஒட்டும் சீட்டு. "கெஷ்பெர்ட்" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும், தடுத்து வைக்கப்பட்டது என்று அர்த்தம். வீட்டில் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு ஒருமுறை ஒட்டிவிட்டு, இரண்டு நாள் கலையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தணிக்கைக் கோட்டின் உள்பையில் சீட்டுக் கட்டு இருந்தது. என்ன செய்கிறேன் என்று யோசிக்கவே இல்லை. ஒன்றைக் கிழித்து, தேதி, "கொக்கி தேய்வு, பிடிக்கவில்லை", கீழே மு.செ. என்று சுருக்கக் கையெழுத்து, எல்லாம் ஜெர்மனில் எழுதி, தட்டைத் தூக்கி நிறுத்தி, அது விழாதபடிக்கு மேலே ஒட்டினேன். கடமை முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏனு சார் அது?" என்றார் பசவராஜ். "திருஷ்டிக்கா?"

5

பெல்ட் போட்டிருக்கிறோமா என்று பார்த்துக்கொண்டே வந்த பணிப்பெண் என் வரிசையில் நின்றாள். சீட்டைப் பார்த்தாள். உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கெல்லாம் தலைவியான ஒரு மூத்த பெண்மணி வந்தாள். குனிந்து படித்தாள். ஜெர்மன் அவளுக்குப் புரியவில்லை, சிவப்பு புரிந்தது.

"ஐயா, எங்கள் பொறியாளர் யாராவது இங்கே வந்தார்களா?"

"இல்லை" என்றேன். இதில் பொய் எதுவும் இல்லை. வரவில்லைதான்.

பத்து நிமிடத்தில் கேப்டன் குரல் கேட்டது. விமானத்தில் ஓர் உறுப்பு பராமரிப்புப் பிரிவால் தடுத்து வைக்கப்பட்டதாகச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது, ஆனால் பதிவேட்டில் அதற்கான குறிப்பு இல்லை, யார் எதற்கு ஒட்டினார்கள் என்று தெரியாமல் கிளம்ப இயலாது, பொறுமைக்கு நன்றி. 

பதினெட்டு வருட உத்தியோகத்தில் என் சீட்டுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததே இல்லை. ஓசூரில் மாதக் கடைசி என்றால் அதைப் பிய்த்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சரக்கை லாரியில் ஏற்றிவிடுவார்கள். இங்கே ஒரு முழு விமானத்தையே நிறுத்திவிட்டது. ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த நிமிடம்தான் மூன்றரை மணி ஞாபகம் வந்தது.

பின் வரிசையில் ஒரு அம்மாள், "எவனோ எதையோ ஒட்டிட்டுப் போயிட்டானாம், நம்ம உசுரு போகுது" என்று தமிழிலேயே அங்கலாய்த்தாள். நான் திரும்பி, "ஆமாங்க, என்ன ஆளுங்களோ" என்றேன். 

பசவராஜ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"தம்பி" என்றார். சாரிலிருந்து தம்பிக்கு இறக்கிவிட்டார். "நீங்க ஒட்டினத நான் பாத்தேன்."

"தெரியும்ணா. சத்தம் போடாதீங்க."

"சொல்லிருங்க."

"சொன்னா இறக்கி விட்ருவாங்கண்ணா. இன்னைக்கு மூணரைக்கு நான் ஓசூர்ல இருக்கணும். எங்கம்மாவுக்கு ரிட்டயர்மென்ட். என்னைத் தவிர யாரும் இல்ல."

"சொல்லலன்னா?"

"அவங்களே கண்டுபிடிச்சு..."

"என்ன கண்டுபிடிப்பாங்க? இல்லாத ஆளத் தேடறாங்க. சாயங்காலம் வரைக்கும் தேடுவாங்க." அவர் சம்மணத்தைக் கலைத்துக் காலைக் கீழே போட்டார். "இறக்கி விட்டா நீங்க ஒருத்தர் போக முடியாது. சும்மா இருந்தா ஒருத்தருமே போக முடியாது. இந்த அம்மா போக முடியாது, நான் போக முடியாது. யோசன பண்ணுங்க."

ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. என் சுயநலத்துக்கும் அவர் சொன்னதுதான் சரியென்று பட்டது. எழுந்து பின்பக்கம் போனேன். தலைவி கைத்துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சீட்டை ஒட்டியது நான்தான்."

அவள் மடிப்பதை நிறுத்தினாள். "நீங்கள் விமானப் பொறியாளரா?"

"இல்லை. பம்ப்."

"பம்ப்பா?"

"பம்ப்."

அவள் நீண்ட மூச்சு விட்டாள். ஒரு சூடான கைத்துண்டை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, கேப்டனைக் கூப்பிடப் போனாள்.

6

கேப்டன் நெடுநெடுவென்று இருந்தார். 34சி-க்கு வந்து, சீட்டின் ஒரு பக்கத்தை உரித்து, கொக்கியைத் திருப்பிப் பார்த்தார். தட்டு விழுந்தது. மறுபடி. விழுந்தது. மூன்றாவது தடவையும் பார்த்தார். நம் ஆள் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

"நீங்கள் எழுதியது சரிதான். அதுதான் இப்போது சிக்கல்" என்றார். சரியில்லை என்றால் கிழித்துப் போட்டுவிட்டுக் கிளம்பலாமாம். வாயால் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் டேப் ஒட்டி முடித்திருக்கலாமாம். நான் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். எழுதியதை எழுத்தால்தான் நீக்க முடியும். பொறியாளர் வர வேண்டும், பார்க்க வேண்டும், பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பொறியாளர் விமான நிலையத்தின் மறு கோடியில் இருந்தார்.

அதற்குள் எனக்கு ஒரு படிவம் வந்தது. மூன்று பக்கம். பெயர், இருக்கை எண், தொழில், நிறுவனத்துடன் உறவு. உறவு என்ற இடத்தில் "பயணி" என்று எழுதினேன். செயலுக்கான காரணம் என்று ஒரு பெரிய கட்டம், பத்து வரி எழுதலாம். எவ்வளவோ யோசித்தும் ஒரே வார்த்தைதான் கிடைத்தது. "பழக்கம்" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். தலைவி படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். முதல்முறையாக அவள் கண்ணும் சேர்ந்து சிரித்தது. இறக்கி விடவில்லை. ஆனால் சீட்டுக் கட்டைப் பறிமுதல் செய்தார்கள்.

பொறியாளர் வந்து கொக்கிக்கு டேப் போட இரண்டு நிமிடம் ஆனது. என் சீட்டைச் சுரண்டி எடுக்க இருபது நிமிடம் ஆனது. எண்ணெயிலும் சூட்டிலும் உரியாத பசை, எங்கள் தொழிற்சாலையின் பெருமை. கடைசியில் பாதி ஒட்டிக்கொண்டே இருக்க, அவர் அதையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டரை மணி நேரத் தாமதம். கதவு மூடுவதற்கு முன் அம்மாவுக்கு "விமானம் லேட்டும்மா, வந்துட்டே இருக்கேன்" என்று செய்தி போட்டேன். அவள் இன்னும் கேட்டுக்குள் போகவில்லை போலிருக்கிறது, "சரி" என்று பதில் வந்தது. எழுத்தில் வந்ததால் எந்த ரகம் என்று தெரியவில்லை.

அதன் பிறகு அவர்கள் காட்டிய உபசரிப்பு இருக்கிறதே, அதை என்னால் தாங்க முடியவில்லை. சாப்பாடு, அதற்கு மேல் ஐஸ்கிரீம், அதற்கு மேல் காபி. ஒவ்வொரு தடவையும் "வேறு ஏதாவது வேண்டுமா ஐயா?" நாலு திட்டு திட்டியிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். என் சாப்பாட்டையும் பசவராஜ்தான் சாப்பிட்டார்.

"ஒள்ளே சாப்பாடு தம்பி. வேஸ்ட் பண்ணக்கூடாது."

7

பெங்களூரில் இறங்கும்போது மணி ஒன்று. குடியேற்ற வரிசையைத் தாண்டி வெளியே வர ஒன்றேமுக்கால். பசவராஜுக்கு வண்டி வந்திருந்தது. பொலேரோ, பின்னால் காலிப் பூப்பெட்டிகள். "ஏறுங்க, நானும் அந்த வழிதானே" என்றார். 

ஹெப்பால் தாண்டும்போதே இரண்டரை. சில்க் போர்டு சந்திப்பில் வண்டி நின்றது, நின்றுகொண்டே இருந்தது. நடுவில் அம்மாவுக்கு இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. ஷாப் ஃப்ளோருக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது, கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். கடைசி நாளிலும் விதி விதிதான்.

எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தபோது மூன்றரை ஆனது. பசவராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். தொழில் புத்தியால் அம்மாவின் ஒரு நாளைக் கெடுத்துவிட்டேன் என்பதைத் தவிர வேறு எதுவும் மனசில் ஓடவில்லை. பன்னிரண்டு வருட உறுத்தலுக்கு ஆறுதல் தேடிப் புறப்பட்டவன், அதன் மேல் இன்னொன்றையும் ஏற்றிக்கொண்டு அத்திப்பள்ளி எல்லையைக் கடந்தேன்.

8

நான்கே கால் மணிக்கு கம்பெனி வாசல். இரண்டாவது ஷிப்ட் உள்ளே போய்விட்டது. பெரிய கேட் சாத்தியிருந்தது. கம்பெனி கார் இல்லை. எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சில், பட்டுப் புடவையும் காலில் கம்பெனி ஷூவுமாக, மடியில் மாலையைச் சுருட்டி வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு ஸ்வீட் பாக்ஸ், துணி சுற்றிய ஒரு நினைவுப் பரிசு.

"வாடா" என்றாள். "சாப்ட்டியா?"

"கார்ல வீட்டுக்குப் போயிருக்கலாம்லம்மா?"

"தனியா அதுல ஏறி உக்காரப் பிடிக்கல. அனுப்பிச்சுட்டேன்." கேட்டைப் பார்த்தாள். "பெருசத் தொறந்து விட்டாங்க. லாரி போற அகலம். நான் ஒருத்தி. எந்தப் பக்கமா நடக்கறதுன்னே தெரியலடா. ஓரமாவே வந்துட்டேன்."

என் வாயில் பொய்தான் வந்தது. "அங்க வானிலை சரியில்லம்மா. அதான் லேட்டு."

"நல்லா வெயில் அடிச்சுதே தம்பி" என்றார் பின்னால் வந்து நின்ற பசவராஜ். "அம்மா, உங்க மகன் ஏரோப்ளேனுக்கே ரிஜெக்ட் சீட்டு ஒட்டிட்டாரு."

அம்மா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் முழுக்கச் சொன்னேன். நடுவில் குறுக்கிடாமல் கேட்டாள். படிவத்தில் "பழக்கம்" என்று எழுதியதைச் சொன்னபோது அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. மாலை மடியிலிருந்து கீழே விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சிரிப்பிலா வேறு எதிலா என்று தெரியவில்லை.

"வயிறெரிஞ்சுதான் உக்காந்திருந்தேன்" என்றாள். "வந்ததும் நாலு கேக்கணும்னு. இப்பச் சிரிப்பு மூட்டிட்ட." ஒரு மடக்கு டீ குடித்தாள். "மைக்க நீட்டுனாங்க. உன்னைப் பக்கத்துல நிப்பாட்டிப் பேசணும்னு ஒரு மாசமா மனசுக்குள்ள எழுதி வச்சிருந்தேன். நீ இல்ல. எல்லாருக்கும் நன்றின்னு சொல்லிட்டு எறங்கிட்டேன்."

"இப்பச் சொல்லும்மா. நான் இருக்கேன்ல?"

"டீக்கடைலயா?"

"மைக் இல்லாட்டி என்ன? சொல்லுங்கம்மா, நானும் கேக்கறேன்" என்றார் பசவராஜ். டீ ஆற்றிக்கொண்டிருந்தவரும் இந்தப் பக்கம் திரும்பினார்.

அம்மா எழுந்து நின்றாள். புடவையைச் சரிசெய்துகொண்டாள். சாத்தியிருந்த கேட்டைப் பார்த்துப் பேசினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் பாண்டியம்மா, காயில் செக்‌ஷன். முப்பத்தாறு வருஷம் முன்னாடி இங்க வேலைக்கு எழுதிப் போடறப்ப, ஃபாரத்துல கல்யாணம் ஆகலன்னு எழுதிட்டேன். ஆனவங்கள எடுக்கமாட்டாங்கன்னு ஊருல யாரோ சொன்னாங்க, அத நம்பி எழுதிட்டேன். அப்ப எம்மவனுக்கு ஏழு மாசம். எங்க அக்காகிட்ட விட்டுட்டு அருப்புக்கோட்டைல பஸ் ஏறுனேன். ரெண்டு வருஷம் ஹாஸ்டல். மெஷின் முன்னால உக்காந்தா ரவிக்கை நனைஞ்சு போகும், யாருக்கும் தெரியாம பாத்ரூம்ல போய்ப் பிழிஞ்சுட்டு வருவேன். வேலை நிரந்தரமானதும் ஒரு நாள் புருஷனையும் ரெண்டரை வயசுப் புள்ளையையும் ஒண்ணாக் கூட்டிட்டு வந்து நின்னேன். அன்னைக்கு இருந்த மேனேஜர் ஒண்ணும் கேக்கல. சிரிச்சுட்டுப் போயிட்டாரு. அவருக்கும் நன்றி. நான் எழுதிக் குடுத்தது பொய். அத இன்னைக்கு எம்மவன் முன்னால சொல்லிட்டுப் போறேன்."

கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். டீக்கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு தட்டினார்.

இரண்டரை வயதுவரை பெரியம்மா வீட்டில் வளர்ந்தேன் என்பது எனக்குத் தெரியும். ஓசூர்க் குளிர் கைக்குழந்தைக்கு ஆகாது என்றுதான் விட்டு வைத்தோம் என்று சொல்லியே என்னை வளர்த்தார்கள். 

"குளிருன்னு சொன்னீங்களேம்மா."

"குளிரும் அடிச்சுச்சுதான்டா, அது பொய்யில்ல." என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "நீ ஜெர்மனிக்குக் கெளம்புன அன்னைக்கு ஏர்போர்ட்ல என்னைக் கட்டிப் புடிச்சு அழுத. விட்டுட்டுப் போறேனே, விட்டுட்டுப் போறேனேன்னு. எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. மொதல்ல விட்டுட்டு வந்தவ நான்தான்டா. உனக்கு ஏழு மாசம், அழக்கூடத் தெரியாமச் சிரிச்சிட்டு இருந்த."

பன்னிரண்டு வருடம். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள், எத்தனை திங்கட்கிழமைகள். என் நெஞ்சில் இருந்தது மொத்தமாக இறங்கியது. அது இறங்கிய வேகத்தில் எனக்குக் கோபம் வந்தது.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லம்மா? பன்னண்டு வருஷமா மனசு கெடந்து அடிச்சுக்கிச்சே எனக்கு!"

"சொல்லியிருந்தா?" என்றாள் அம்மா, மாலையை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டே. "சொல்லியிருந்தா ஞாயித்துக்கெழம தவறாம போன் பண்ணியிருப்பியாடா நீ?"